ஸ்காட்லாந்தின் பட்டா யார் பேரில் இருக்கிறது?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களும் பார்த்துக்கொள்ளலாம். ஸ்காட்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் இருக்கிறது, தனி நீதிமன்றங்கள் இருக்கின்றன, வருமான வரி விகிதத்தைக்கூட அதுவே தீர்மானிக்கிறது, உலகக் கோப்பைக்குத் தனிக் கால்பந்து அணி அனுப்புகிறது. தமிழ்நாட்டுக்கு இதில் பாதி கிடையாது. அப்படியிருக்கப் பாடப்புத்தகம் பிரிட்டனை ஒற்றையாட்சி என்கிறது, இந்தியாவைக் கூட்டாட்சி என்கிறது. இது தலைகீழாக இல்லையா? பேசாமல் பிரிட்டன் முழுக் கூட்டாட்சியாக மாறிவிட்டால் ஸ்காட்லாந்துப் பிரச்சினை தீர்ந்துவிடாதா? இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று பெயர் பற்றியது, இன்னொன்று மருந்து பற்றியது. முதல் கேள்விக்குச் சட்டப் புத்தகத்தை வைத்து ஓரளவு உறுதியாகவே பதில் சொல்லலாம். இரண்டாவதில் பாதி சட்டம், பாதி என் கணிப்பு. எது எது என்று அங்கங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

நான் சட்டக் கல்லூரியில் அரசமைப்புச் சட்டம் நடத்துகிறவன். 2013இல் முதுநிலைப் படிப்புக்காகக் கிளாஸ்கோ போய் ஒரு வருடம் இருந்தேன். 2014 செப்டம்பர் 18 அன்று ஸ்காட்லாந்து தனி நாடாகலாமா என்று பொது வாக்கெடுப்பு நடந்தபோது ஊர் திரும்ப எனக்கு ஒரு வாரம் பாக்கி. கையில் இருந்தது மாணவர் விசா. ஆனாலும் எனக்கு ஓட்டு இருந்தது. ஸ்காட்லாந்தில் வசிக்கும் காமன்வெல்த் குடிமக்கள் எல்லாருக்கும் இருந்தது, பதினாறு வயது நிரம்பிய பள்ளிப் பிள்ளைகளுக்கும் இருந்தது. நான் தங்கியிருந்த வீட்டுக்காரம்மாவின் மகள் பிறந்து வளர்ந்ததெல்லாம் கிளாஸ்கோ, வேலை லண்டனில். அவளுக்கு ஓட்டு இல்லை. ஒரு தேசத்தின் தலைவிதியை முடிவு செய்யும்போது "யார் ஸ்காட்லாந்துக்காரர்" என்ற கேள்விக்கு ரத்தத்தையோ பிறப்பையோ பார்க்காமல் இருப்பிடத்தை மட்டும் பார்த்தார்கள். வகுப்பில் படித்த எதையும்விட எனக்கு இது அதிகம் சொல்லிக்கொடுத்தது. எந்தப் பக்கம் போட்டேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

சரி, பெயர் விஷயத்துக்கு வருவோம். பிரிட்டனில் நான்கு நாடுகள் இருக்கின்றன என்றால் அந்த நான்கும் நான்கு வெவ்வேறு வாசல் வழியாக உள்ளே வந்தவை. வேல்ஸை 1535, 1542 ஆண்டுச் சட்டங்கள் இங்கிலாந்தோடு கரைத்துவிட்டன. ஸ்காட்லாந்து அப்படி இல்லை. 1707இல் இரண்டு நாடாளுமன்றங்கள் பேரம் பேசி ஒன்றாயின, அந்தப் பேரத்தில் ஸ்காட்லாந்து தன் சட்டமுறையையும் தன் திருச்சபையையும் விட்டுக்கொடுக்கவில்லை. பள்ளிக்கூடமும் பல்கலைக்கழகமும்கூட அதன் வழியிலேயே தொடர்ந்தன. அதனால் முன்னூறு வருடம் நாடாளுமன்றம் இல்லாதபோதும் ஸ்காட்லாந்து ஒரு மாகாணம் ஆகவில்லை. அங்குள்ள சிவில் வழக்குகள் வேறு சட்டப்படி நடந்தன, பாதிரியார் வேறு, பட்டப்படிப்பு நான்கு வருடம். அயர்லாந்து 1801இல் சேர்ந்து, 1922இல் பெரும்பகுதி பிரிந்து போய், வடக்கில் ஆறு மாவட்டங்கள் மட்டும் மிஞ்சின. இங்கிலாந்து எந்த வாசல் வழியாகவும் வரவில்லை, அதுதான் வீடு. இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஸ்காட்லாந்துக்கு நாடாளுமன்றம் திரும்பக் கிடைத்தது சுலபமாக இல்லை. 1979 மார்ச் 1 வாக்கெடுப்பில் 51.6 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். ஆனால் மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் பேராவது ஆதரிக்க வேண்டும் என்று ஒரு திருத்தத்தை முன்பே செருகியிருந்தார்கள். அந்தக் கணக்கில் 32.9 சதவீதம்தான் வந்தது. ஓட்டுப் போட வராதவர், செத்தும் பட்டியலில் பெயர் நீங்காதவர் எல்லாரும் 'வேண்டாம்' கணக்கில் சேர்ந்த மாதிரி. அதே மாதம் 28ஆம் தேதி ஸ்காட்லாந்து தேசியக் கட்சியும் எதிர்த்து வாக்களிக்க, தொழிற்கட்சி அரசு ஒரே ஒரு ஓட்டில் கவிழ்ந்தது. அதன்பின் பதினெட்டு வருடம் கன்சர்வேட்டிவ் ஆட்சி. அதற்கு ஸ்காட்லாந்தில் ஆதரவு தேய்ந்துகொண்டே போனது. தலைவரி எனப்பட்ட போல் டேக்ஸ் இங்கிலாந்துக்கு ஒரு வருடம் முன்பாக, 1989லேயே ஸ்காட்லாந்தில் வந்தது. 1997 பொதுத் தேர்தலில் அங்கே கன்சர்வேட்டிவ் கட்சிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. அதே வருடம் செப்டம்பரில் மறுபடி வாக்கெடுப்பு, இம்முறை 74.3 சதவீதம் ஆதரவு. ஒரு வாரம் கழித்து வேல்ஸில் 50.3 சதவீதம், வித்தியாசம் 6,721 ஓட்டு. வேல்ஸ் நாடாளுமன்றமான செனெத் இன்று இருப்பதே அந்தச் சொச்ச ஓட்டுகளால்தான்.

1998ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துச் சட்டத்தில் ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. ஸ்காட்லாந்துக்கு என்னென்ன அதிகாரம் என்று அதில் பட்டியல் கிடையாது. லண்டன் தன் கையில் வைத்துக்கொண்டது என்னென்ன என்றுதான் பட்டியல். பாதுகாப்பு, வெளியுறவு, குடியேற்றம், நாணயம், ஒலிபரப்பு, தொழிலாளர் சட்டம், எரிசக்தியில் பெரும்பகுதி என்று அது போகும். பட்டியலில் இல்லாதது எல்லாம் ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்கு. நம்மூரில் இது நேர் எதிர். ஒன்றியம், மாநிலம், பொது என்ற மூன்று அதிகாரப் பட்டியலிலும் இல்லாத விஷயம் நம் அரசமைப்பின் 248ஆவது பிரிவின்படி டெல்லிக்குப் போகும். நாளைக்குப் புதிதாக ஒரு துறை முளைக்கிறது என்று வையுங்கள், ஸ்காட்லாந்தில் அது முதலில் எடின்பரோ கதவைத் தட்டும், இந்தியாவில் டெல்லி கதவை. ஆகவே "ஸ்காட்லாந்துக்கு அதிகாரம் அதிகம்" என்ற உங்கள் கணிப்பு தப்பில்லை. வருமான வரியில் இன்னும் தெளிவாகவே தெரியும். 2016ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துச் சட்டத்துக்குப் பிறகு சம்பள வருமானத்துக்கான விகிதங்களையும் படிகளையும் எடின்பரோவே வைக்கிறது. 2024-25 நிதியாண்டில் அங்கே ஆறு படிகள், உச்ச விகிதம் 48 சதவீதம். இங்கிலாந்தில் மூன்று படி, உச்சம் 45. சென்னையில் சம்பளம் வாங்குகிறவருக்குத் தமிழக அரசு தனி வருமான வரி விகிதம் வைப்பதை நினைத்துப் பாருங்கள், விஷயம் புரியும்.

அன்றாடத்திலும் இது தெரியும். கிளாஸ்கோவில் டாக்டர் சீட்டோடு மருந்துக்கடைக்குப் போனால் காசு கேட்க மாட்டார்கள், 2011இலிருந்து அப்படித்தான். எல்லையைத் தாண்டி இங்கிலாந்துக்குப் போனால் ஒவ்வொரு மருந்துக்கும் கட்டணம். பொது இடத்தில் புகைக்கத் தடை ஸ்காட்லாந்தில் 2006 மார்ச்சில் வந்தது, இங்கிலாந்து 2007 ஜூலையில்தான் பின்னால் வந்தது. ஸ்காட்லாந்து மாணவர் அங்கேயே பட்டப்படிப்பு படித்தால் கல்விக் கட்டணம் கிடையாது.

இவ்வளவும் சொன்ன அதே 1998 சட்டத்தின் 28ஆவது பிரிவில் ஏழாவது உட்பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒரே வரி. இந்தப் பிரிவு ஸ்காட்லாந்துக்குச் சட்டம் இயற்றும் ஐக்கிய இராச்சிய நாடாளுமன்றத்தின் அதிகாரத்தைப் பாதிக்காது என்பது அதன் சாரம். அதாவது எடின்பரோவுக்குக் கொடுத்த எந்தத் துறையிலும் லண்டன் நினைத்தால் தானே சட்டம் போடலாம். கொடுத்ததைச் சாதாரணச் சட்டம் ஒன்றால் திரும்ப எடுக்கலாம், சட்டப்படி ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தையே கலைக்கலாம். உங்கள் முதல் கேள்விக்கான பதில் இந்த ஒரு வரியில் இருக்கிறது. வீடு எவ்வளவு பெரியது என்பது வேறு, பட்டா யார் பேரில் என்பது வேறு. ஸ்காட்லாந்து விசாலமான வீட்டில் இருக்கிறது, பட்டா லண்டன் பேரில். தமிழ்நாடு சின்ன வீட்டில் இருக்கிறது, ஆனால் பட்டாவில் அதற்கும் பங்கு உண்டு. நம் அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் உள்ள அந்த மூன்று பட்டியல்களை மாற்ற நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை மட்டும் போதாது, குறைந்தது பாதி மாநிலங்களின் சட்டமன்றங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். கூட்டாட்சி, ஒற்றையாட்சி என்று சட்டக்காரர்கள் பிரிப்பது இந்தக் கோட்டில்தான். அதிகாரத்தின் அளவை அவர்கள் இதில் சேர்ப்பதே இல்லை.

இதைக் கேட்டதும் நம் ஆட்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். அந்தப் பூட்டு இருந்தும் 1976இல் 42ஆவது திருத்தத்தில் கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போய்விட்டது. அதைவிடப் பெரிய ஓட்டை நம் அரசமைப்பின் மூன்றாவது பிரிவு. ஒரு மாநிலத்தின் எல்லையை, பெயரை, ஏன் அந்த மாநிலமே இருக்கிறதா இல்லையா என்பதை நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் மாற்றலாம். மாநிலச் சட்டமன்றத்திடம் கருத்துக் கேட்க வேண்டும், கேட்டபடி நடக்க வேண்டியதில்லை. நான் கிளாஸ்கோவில் இருந்த அதே 2014இல் ஆந்திரச் சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்துத் தீர்மானம் போட்டது, ஜூன் 2 அன்று தெலங்கானா பிறந்துவிட்டது. 2019இல் ஜம்மு காஷ்மீர் மாநிலத்தை இரண்டு ஒன்றியப் பிரதேசங்களாக்கியபோது அங்கே கருத்துக் கேட்கச் சட்டமன்றமே இயங்கவில்லை. ஸ்காட்லாந்தின் எல்லையை அதன் சம்மதமில்லாமல் மாற்றும் யோசனையை லண்டனில் ஒரு அரசியல்வாதி சொன்னால் அவர் கட்சிக்கு அங்கே அத்தோடு சோலி முடிந்தது. நமக்குப் பட்டியலுக்குப் பூட்டு இருக்கிறது, மாநிலத்துக்குப் பூட்டு இல்லை. அவர்களுக்கு நாட்டைத் தொட ஆள் இல்லை, அதிகாரத்துக்குப் பூட்டு இல்லை. இரண்டு நாடுகளையும் ஒரே தராசில் வைத்து எது உசத்தி என்று கேட்டால் எனக்கு அதனால்தான் பதில் வருவதில்லை.

அப்படியானால் பூட்டு இல்லாத வீட்டில் எப்படி நிம்மதியாக இருக்கிறார்கள்? மரபை நம்பித்தான். 1998 மசோதா விவாதத்தின்போது அரசின் சார்பில் பேசிய சூவெல் பிரபு, பகிர்ந்து கொடுத்த விஷயங்களில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் வெஸ்ட்மின்ஸ்டர், அதாவது லண்டன் நாடாளுமன்றம், 'சாதாரணமாக'ச் சட்டம் இயற்றாது என்று ஒரு மரபு உருவாகும் என எதிர்பார்ப்பதாகச் சொன்னார். அது சூவெல் மரபு என்றே பெயர் பெற்றது. 2014 வாக்கெடுப்பில் 55.3 சதவீதம் பேர் பிரிய வேண்டாம் என்று சொன்ன பிறகு, அதற்கு நன்றிக்கடன் மாதிரி 2016 சட்டத்தில் இந்த மரபை அப்படியே எழுதி வைத்தார்கள். ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிரந்தரமானது, அந்த மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புக்கொள்ளாமல் அதை ஒழிக்க முடியாது என்றும் ஒரு பிரிவு சேர்த்தார்கள், அதுவும் லண்டனே நீக்கக்கூடிய சாதாரணச் சட்டம்தான். மாணவர்களிடம் இந்த இடத்தில் நான் நிறுத்திக் கேட்பது வழக்கம்: 'சாதாரணமாக' என்ற சொல்லை யார் அளப்பது? அடுத்த வருடமே பதில் வந்தது. 2017 ஜனவரியில் பிரெக்சிட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த மரபு அரசியல் சமாச்சாரம், சட்டத்தில் எழுதினாலும் நீதிமன்றம் அதைக் காவல் காக்காது என்று சொல்லிவிட்டது. இந்தக் கேள்வியில் மட்டும் நீதிபதிகளுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் ஒப்பந்தச் சட்டத்துக்கு எடின்பரோ, வேல்ஸின் கார்டிஃப், வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் மூன்றும் சம்மதம் மறுத்தன. சட்டம் நிறைவேறியது. 2016 பிரெக்சிட் வாக்கெடுப்பில் ஸ்காட்லாந்து 62 சதவீதம் ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடரத்தான் வாக்களித்திருந்தது.

ஆளுநர் மாதிரி அங்கே யாராவது உண்டா என்று நம்மூரில் அடிக்கடி கேட்கிறார்கள். ஆள் இல்லை, ஆனால் 1998 சட்டத்தின் 35ஆவது பிரிவு இருக்கிறது. ஸ்காட்லாந்து நிறைவேற்றிய மசோதா லண்டன் கையிலுள்ள துறைகளின் சட்டத்தைப் பாதிக்கிறது என்று கருதினால் லண்டன் அமைச்சர் அதைத் தடுக்கலாம். கால் நூற்றாண்டு தூங்கிக்கிடந்த இந்தப் பிரிவை 2023 ஜனவரியில் முதல் முறையாக எடுத்தார்கள், பாலின அங்கீகாரச் சீர்திருத்த மசோதாவின் மேல். அந்த வருடம் டிசம்பரில் ஸ்காட்லாந்து நீதிமன்றமும் தடை செல்லும் என்றது. ஆனால் மசோதாவுக்கு ஆளுநர் ஒப்புதல் தருவதைப் பற்றிய நம் 200ஆவது பிரிவோடு வைத்துப் பாருங்கள். அங்கே அமைச்சர் நான்கு வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும், காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அந்தக் காரணத்தை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம். நம் பிரிவில் 'கூடிய விரைவில்' என்ற சொல்தான் இருக்கிறது, நாள் கணக்கு இல்லை. தடுக்கும் அதிகாரத்தைவிட, தடுக்காமலும் ஒப்புதல் தராமலும் ஆறப்போடும் அதிகாரம்தான் ஒரு சட்டமன்றத்தை அதிகம் வாட்டும் என்பது என் எண்ணம்.

சட்டப்படி முடியும், அரசியலில் முடியாது என்று இவ்வளவு நேரம் சொன்னேன். இது எவ்வளவு உறுதி? ஒரு முன்னுதாரணம் இருக்கிறது, அது ஆறுதலாக இல்லை. வட அயர்லாந்துக்கு 1921இலேயே நாடாளுமன்றம் கிடைத்தது, ஸ்டார்மான்ட் என்பார்கள். ஐம்பது வருடம் நடந்தது. கலவரம் முற்றியதும் 1972 மார்ச்சில் லண்டன் அதை நிறுத்தி நேரடி ஆட்சியை வைத்தது. யாரும் வாக்கெடுப்புக் கேட்கவில்லை. ஸ்டார்மான்ட் புராட்டஸ்டன்ட் தரப்பின் பெரும்பான்மையை மட்டுமே நிரந்தரமாகச் சுமந்த அமைப்பு, கத்தோலிக்கர்களுக்கு அதில் நம்பிக்கையே இல்லை. அதனால் ஸ்காட்லாந்தோடு ஒப்பிடக்கூடாது என்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் கலைப்பது நடக்கவே நடக்காது என்று மட்டும் என்னால் எழுதிக்கொடுக்க முடியாது.

இலங்கை நண்பர்கள் என்னிடம் இந்தப் பிரிட்டன் உதாரணத்தையே வேறு பக்கத்திலிருந்து கேட்பார்கள்: ஒற்றையாட்சி என்ற பெயரை விட்டுவிட்டு உள்ளே ஸ்காட்லாந்து அளவு அதிகாரம் வாங்கினால் போதாதா என்று. 1987இல் மாகாண சபைகளை உருவாக்கிய 13ஆவது திருத்தம் வந்தபோது அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அது ஒற்றையாட்சிக்கு முரணில்லை என்று சொல்லித்தான் அனுமதித்தது. காணி, பொலிஸ் அதிகாரங்கள் எழுத்தில் இருக்கின்றன, கைக்கு வரவில்லை. மாகாண சபைகளின் காலம் முடிந்தபின் தேர்தலே நடக்காமல் ஆளுநர்கள் நிர்வகித்த வருடங்களையும் பார்த்தோம். பிரிட்டனில் மரபு பாதியாவது வேலை செய்கிறது என்றால் அதற்குக் காரணம், மீறினால் ஸ்காட்லாந்தில் ஓட்டு போகும், ஸ்காட்லாந்தே போகலாம் என்ற பயம் லண்டனில் இருப்பது. அந்தப் பயம் இல்லாத தலைநகரத்தில் ஒற்றையாட்சிக்குள் தந்த அதிகாரம் காகிதத்தோடு நின்றுவிடும்.

இனி இரண்டாவது கேள்வி. பிரிட்டனைக் கூட்டாட்சியாக்கினால் என்ன? முன்பு ஞாபகம் வைக்கச் சொன்ன வரி இதற்குத்தான். ஐக்கிய இராச்சியத்தின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 84 சதவீதம் இங்கிலாந்து. ஸ்காட்லாந்து ஐம்பத்தைந்து லட்சம், வேல்ஸ் முப்பது லட்சத்துக்கு மேல், வட அயர்லாந்து இருபது லட்சத்துக்குள். இந்தியாவில் உத்தரப் பிரதேசம் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு, அதற்கே நாம் தொகுதி மறுவரையறை என்றால் பதறுகிறோம். ஒரே உறுப்பு ஆறில் ஐந்து பங்காக இருக்கும் கூட்டாட்சியில் அந்த உறுப்பின் முதல்வர் பெரியவரா, நாட்டின் பிரதமர் பெரியவரா? பழைய ஜெர்மன் பேரரசில் பிரஷ்யா ஐந்தில் மூன்று பங்கு இருந்தது, பிரஷ்யாவின் அரசரே பேரரசர், பெரும்பாலும் அதன் பிரதமரே பேரரசின் சான்சலர், அதாவது தலைமை அமைச்சர். அது கூட்டாட்சி வேஷம் போட்ட பிரஷ்ய ஆட்சி என்று சொல்பவர்கள் உண்டு. இங்கிலாந்தை ஏழெட்டு மாநிலமாகப் பிரிக்கலாமே என்பார்கள். வடகிழக்கு இங்கிலாந்தில் 2004 நவம்பரில் ஒரு பிராந்திய சபை வேண்டுமா என்று கேட்டுப் பார்த்தார்கள், 77.9 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். இங்கிலாந்து மக்களுக்குத் தாங்கள் ஒரே நாடு என்ற எண்ணம் ஆழமாக இருக்கிறது. ஸ்காட்லாந்தின் தேச உணர்வுக்கு மதிப்புக் கொடுக்க இங்கிலாந்தின் தேச உணர்வை வெட்டுவது எப்படி நியாயமாகும்?

இங்கிலாந்துக்குத் தனி நாடாளுமன்றம் இல்லாததால் வரும் இன்னொரு சிக்கலுக்கு வெஸ்ட் லோதியன் கேள்வி என்று பெயர். அந்தத் தொகுதியின் உறுப்பினர் டாம் டியெல், அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான், 1977லேயே கிளப்பியது. ஸ்காட்லாந்தின் பள்ளிக்கூடம் பற்றி இங்கிலாந்து உறுப்பினர் வாக்களிக்க முடியாது, இங்கிலாந்தின் பள்ளிக்கூடம் பற்றி ஸ்காட்லாந்து உறுப்பினர் எப்படி வாக்களிக்கலாம்? 2004 ஜனவரியில் இது வெறும் தத்துவமாக இருக்கவில்லை. இங்கிலாந்துப் பல்கலைக்கழகக் கட்டணத்தை உயர்த்தும் மசோதா இரண்டாம் வாசிப்பில் 316க்கு 311 என்று ஐந்து ஓட்டில் தப்பியது, தங்கள் ஊர் மாணவருக்குப் பொருந்தாத அந்தக் கட்டணத்துக்கு ஸ்காட்லாந்துத் தொழிற்கட்சி உறுப்பினர்கள் கை தூக்கியதால். 2015இல் இதற்கு ஒரு விதிமுறை கொண்டுவந்து 2021இல் அதையும் கைவிட்டார்கள். பதில் இல்லாத கேள்வியோடு வாழப் பழகுவது பிரிட்டிஷ் அரசமைப்பின் தனித் திறமை, நான் கிண்டலாகச் சொல்லவில்லை.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பொருளாதாரம் என் துறையில்லை, ஏற்பாட்டை மட்டும் சொல்கிறேன். 1970களின் கடைசியில் கருவூலத் துறையில் இருந்த ஜோயல் பார்னெட் பெயரில் ஒரு சூத்திரம் இருக்கிறது. இங்கிலாந்தில் கல்விக்கோ மருத்துவத்துக்கோ நூறு பவுண்டு கூடுதலாக ஒதுக்கினால் மக்கள்தொகை விகிதப்படி ஸ்காட்லாந்துக்குப் பத்து பவுண்டுக்குச் சற்றுக் குறைவாகப் போகும். தற்காலிகமாகப் போட்ட கணக்கு, பார்னெட்டே பிற்காலத்தில் இது நியாயமில்லை, மாற்றுங்கள் என்று பிரபுக்கள் சபையில் சொன்னார், இன்னும் அதுதான் ஓடுகிறது. இதில் பிடி எங்கே என்றால், இங்கிலாந்து தன் மருத்துவச் செலவைக் குறைத்தால் எடின்பரோவைக் கேட்காமலே எடின்பரோவின் பையும் சுருங்கும். சாராய விஷயம் இன்னும் சுவாரசியம். மதுவின் மீதான தீர்வை லண்டன் கையில் இருப்பதால் ஸ்காட்லாந்து விலையை வரி வழியாக ஏற்ற முடியாது. எனவே பொதுச் சுகாதாரம் என்ற தன் அதிகாரத்தை வைத்து, ஒரு யூனிட் ஆல்கஹாலை ஒரு குறைந்தபட்ச விலைக்குக் கீழே விற்கக்கூடாது என்று 2012இல் சட்டம் போட்டது. விஸ்கி உற்பத்தியாளர் சங்கம் வழக்குப் போட்டு ஐந்து வருடத்துக்கு மேல் இழுத்தது, 2018 மே மாதம்தான் 50 பென்ஸ் என்று நடைமுறைக்கு வந்தது. கூடுதல் விலையும் அரசுக்குப் போவதில்லை, கடைக்காரருக்குப் போகிறது. டாஸ்மாக்கை வைத்து பட்ஜெட் போடும் நமக்கு இது வினோதமாகத் தெரியும்.

பிரெக்சிட்டுக்குப் பிறகு வந்த 2020 உள்நாட்டுச் சந்தைச் சட்டம்தான் என் பார்வையில் இருபது வருடத்தில் நடந்த பெரிய பின்னடைவு. இங்கிலாந்தில் விற்கத் தகுதியான பொருளை, சில விலக்குகள் தவிர, ஸ்காட்லாந்திலும் விற்கலாம் என்கிறது அது. ஸ்காட்லாந்து காலி பாட்டிலுக்கு முன்பணம் வாங்கித் திருப்பித் தரும் திட்டம் ஒன்றைத் தயாரித்தது, நம் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறார்களே அந்த மாதிரி. 2023இல் லண்டன் கண்ணாடி பாட்டிலைச் சேர்க்க விலக்குத் தர முடியாது என்றது, திட்டம் நின்றுபோனது. சுற்றுச்சூழல் அதிகாரம் எடின்பரோவிடம்தான் இருக்கிறது, யாரும் பிடுங்கவில்லை, ஆனால் செயல்படவும் முடியவில்லை. அதிகாரத்தை நேரடியாகக் குறைப்பதை மக்கள் கவனிப்பார்கள், சந்தை விதி வழியாகக் குறைப்பதைக் கவனிப்பது கடினம்.

கூட்டாட்சியாக்கினால் ஸ்காட்லாந்துத் தேசியவாதம் அடங்குமா? இங்கே முழுக்க என் கணிப்பு. 1998, 2012, 2016 என்று மூன்று முறை அதிகாரம் கூடியது, ஒவ்வொரு முறையும் இதோடு முடிந்தது என்றார்கள். பிரிவினைக்கான ஆதரவு 2014இல் 44.7 சதவீதம், அதன்பின் வந்த கருத்துக் கணிப்புகளும் பாதியை ஒட்டியே மேலும் கீழும் போகின்றன. அதிகாரம் கூடக் கூட ஆசை குறையும் என்பதும், கூடக் கூட ஆசை வளரும் என்பதும் இரண்டுமே நிரூபணமாகவில்லை. நான் பார்த்தவரை அங்கே சச்சரவு எத்தனை துறை என்பதில் இல்லை. நாங்கள் சம்மதித்துச் சேர்ந்தவர்களா, சம்மதத்தைத் திரும்ப எடுக்க முடியுமா என்பதில்தான். 2014 வாக்கெடுப்புக்கு லண்டன் மனமுவந்து அதிகாரம் கொடுத்தது. 2022 நவம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம், லண்டன் சம்மதமில்லாமல் இன்னொன்றை எடின்பரோ நடத்த முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. சட்டப்படி அந்தத் தீர்ப்பில் குறை காண்பது கஷ்டம். ஆனால் பாருங்கள், வட அயர்லாந்துக்கு 1998 சட்டத்தின் முதல் பிரிவிலேயே வெளியேறும் வாசல் எழுதியிருக்கிறது: பெரும்பான்மை அயர்லாந்தோடு சேர விரும்புவதாகத் தெரிந்தால் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். முப்பது வருடம் ரத்தம் சிந்திய இடத்துக்கு வாசல் இருக்கிறது, ஓட்டுப் பெட்டியை மட்டும் நம்பிய இடத்துக்கு இல்லை. கிளாஸ்கோவில் என்னோடு படித்த ஒருவன் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்னிடம் ஒரே ஒரு திருத்தம் கேட்டால் முழுக் கூட்டாட்சியைக் கேட்க மாட்டேன், இங்கிலாந்தை என்ன செய்வது என்று தெரியாமல் அது நகராது. சூவெல் மரபிலிருந்து 'சாதாரணமாக' என்ற சொல்லை எடுத்துவிட்டு, மீறினால் நீதிமன்றம் போகலாம் என்று எழுதச் சொல்வேன். அதுவும் ஒரு சாதாரணச் சட்டம்தான், அடுத்து வரும் நாடாளுமன்றம் அதையும் நீக்கலாம் என்று சட்டம் படித்தவர்கள் உடனே மறுப்பார்கள். சரிதான். ஆனால் நீக்குவதற்கு ஒரு மசோதா வேண்டும், அதில் யார் யார் கை தூக்கினார்கள் என்பது பதிவாகும். இப்போது அதுகூடத் தேவைப்படுவதில்லை.

அப்புறம் அந்தக் கால்பந்து அணி. அதற்கும் அதிகாரப் பகிர்வுக்கும் சம்பந்தம் கிடையாது. உலகின் முதல் அதிகாரபூர்வச் சர்வதேசக் கால்பந்து ஆட்டமே 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோ பக்கம் ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடந்ததுதான், கோல் எதுவும் விழவில்லை. ஃபிஃபா பிறந்தது 1904இல். அது வருவதற்கு முன்பே தனி அணிகள் இருந்ததால் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். ஒலிம்பிக்கில் ஒரே பிரிட்டன் அணி. கிரிக்கெட்டில் ஸ்காட்லாந்து தனியாக ஆடும், வேல்ஸ்காரர் இங்கிலாந்து சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடுவார்.